பிரிக்காத தையல்

அத்தியாயம் பதினொன்று

டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும்தான் இங்குன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மீதியைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை சமையலறையில் நின்று அவள் புருஷனிடம் சொன்னதை நாமும் கேட்டோம் அல்லவா?

"மாரெனுக்கு ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்காம். திங்கக்கிழமை காலைல ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"அவ்வளவுதானா? கல்லீரலா வாங்கிப் போட்டா சரியாயிடும்" என்று ஃப்ரூடெ நிம்மதியாக வாசல் கொடிக்கம்பத்துக் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டான். நல்ல மனிதன். அவனிடம் எதைச் சொன்னாலும் அதையே நம்புவான்.

டாக்டர் சொன்னது வேறு. பதினைந்து வயதுப் பெண்ணின் நாடி இவ்வளவு மெதுவாக ஓடக் கூடாது, சாப்பிடாமல் சாப்பிடாமல் இதயமே சோர்ந்திருக்கிறது, இன்றைக்கே சேர்த்துவிடுங்கள் என்றாள். அதற்கு இங்குன் சொன்ன பதில் அவள் காதிலேயே விழுந்தது. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இவளுக்குத் திடப்படுத்தல் இருக்கு. முப்பது பேரைக் கூப்பிட்டிருக்கோம்."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, நெடுநேரம் நிற்க வைக்காதீர்கள், மூன்று வேளையும் சாப்பிட வையுங்கள், தலை சுற்றினால் அந்த நிமிஷமே கிளம்பி வாருங்கள் என்று சொல்லித் திங்கள் வரைக்கும் விட்டாள்.

திரும்பும் வழியில் காரில் மாரென் ஒரு பேரம் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா. அப்பாகிட்ட கூட. நான் சாப்பிடறேன். திங்கக்கிழமை சண்டை போடாம வர்றேன்."

"சரி" என்றாள் இங்குன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

*

மாரெனின் பாரம்பரிய உடையான பூனாத் கட்டில் மேல் விரித்துக் கிடந்தது. கருநீலக் கம்பளித் துணி, பாவாடை ஓரமெல்லாம் பூ வேலை, மார்பில் வெள்ளிக் கொக்கிகள். நம் பள்ளத்தாக்கில் ஒரு பெண் திடப்படுத்தலுக்குத் தைத்துக்கொள்ளும் பூனாத்தைத்தான் ஆயுசு முழுக்க உடுத்துவாள். கல்யாணத்துக்கும் அதுதான், மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்துக்கும் அதுதான். அதனால் தையற்காரிகள் உள்பக்கம் தாராளமாகத் துணி விட்டுத் தைப்பார்கள். உடம்பு பெருக்கும், பிள்ளை பெறும். அப்போது தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இங்குன் முப்பது வருஷமாக ஒரு தையலைக்கூடப் பிரித்ததில்லை. குடும்பத்தில் அது அவளுக்கு ஒரு பட்டம் மாதிரி. ஒவ்வொரு மே மாதமும் மற்றவர்கள் எல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்து, "அலமாரியில தொங்கித் தொங்கியே சுருங்கிப்போச்சு" என்று அந்தப் பழைய ஜோக்கைச் சொல்லிக்கொண்டு கொக்கியோடு மல்லுக்கட்டுவார்கள். இவள் பேசாமல் மாட்டிக்கொண்டு போய்க் காபி போடுவாள்.

மாரெனுக்கு அக்டோபரில் அளவெடுத்துத் தைத்த சட்டை. இப்போது அதைப் போட்டால் இன்னொருத்தியின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்ட மாதிரி இருந்தது. இங்குன் உள்பக்கம் துணியைப் பிடித்துப் பிடித்து ஊக்கு குத்தினாள். விரல் மகளின் முதுகெலும்பில் பட்டது. அடுத்த முடிச்சில் பட்டது. அதற்கும் அடுத்ததில் பட்டது.

பயம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து அவளுக்கு எல்லாமே இருந்தது.

"இறுக்கமா குத்தும்மா. தொளதொளன்னு தெரியக் கூடாது."

"உடம்புல குத்துதா?"

"இல்ல."

"காலைல சாப்பிட்டியா?"

"ரொட்டி சாப்பிட்டேன். வேணும்னா அப்பாவைக் கேளு."

"சாப்பிட்டா, சாப்பிட்டா!" என்று மாடிப்படியிலிருந்து ஃப்ரூடெயின் குரல் வந்தது. "நானே பார்த்தேன்!"

அவன் பார்த்தது தட்டில் கிடந்த ரொட்டித் தூளை. ஃப்ரூடெக்கு அது போதும்.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்றாள் மாரென், கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு இப்ப எங்க நேரம்? அப்புறம் பார்த்துக்கலாம்."

இடுப்பில் தொங்கவிடும் பை ஒன்றுதான் பாக்கி. அதைப் புதிதாகத் தைக்கவில்லை. இங்குன் தன்னுடையதையே மகளுக்குக் கொடுத்தாள். கருநீலத் துணியில் பூ வேலை செய்தது, வாயில் வெள்ளிப் பூட்டு, கைக்குட்டையும் சில்லறையும் வைத்தால் நிறைந்துவிடும் அளவு. மாரென் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"உள்ள துணியில என்னம்மா, இவ்வளவு பெரிய கறை?"

"மெழுகு. பழசு. விடு."

*

தேவாலயத்தில் பிள்ளைகள் எல்லாம் பூனாத்துக்கு மேல் வெள்ளை அங்கி போட்டிருந்தார்கள். அந்த அங்கிக்குள் குண்டு ஒல்லி என்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. இங்குன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மகளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுக்கு எழுந்தார்கள், ஜெபத்துக்கு எழுந்தார்கள், மறுபடி பாட்டுக்கு எழுந்தார்கள். நெடுநேரம் நிற்க வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பலிபீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டுவிட்டு எழும்போது மாரென் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ஃப்ரூடெ அதைப் பார்க்கவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து அங்கிகளைக் கழற்றியதுதான் தாமதம், பெண்கள் மாரெனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

எல்லாருக்கும் முன்னால் இங்குனின் அக்கா சிஸ்ஸெல். ஓஸ்லோவிலிருந்து விடியற்காலையே கிளம்பி, மடியில் கேக்கை வைத்துக்கொண்டு வந்தவள். சிஸ்ஸெல் வரும்போது அவளுக்கு முன்னால் அவள் சிரிப்பு வந்து சேரும்.

"அடியே மாரென்! எங்கடி போச்சு உன் கன்னமெல்லாம்? மாடல் பொண்ணு மாதிரி ஆயிட்டியே! எங்க, ஒரு சுத்து சுத்து!"

மாரென் சுற்றினாள். பாவாடை விரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா கையைத் தட்டினாள்.

"எப்படிம்மா? என் பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன். அவ வாயைக் கட்டவே முடியல."

"ஒண்ணுமில்ல" என்றாள் மாரென். "இனிப்பை விட்டேன். ஓடறேன். அவ்வளவுதான்." பரிசு வாங்கிய பிள்ளை பேட்டி கொடுப்பது போல அழகாகத்தான் சொன்னாள். அவள் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் தள்ளி நின்று அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வையில் பொறாமை இருந்தது. பிப்ரவரியில் பள்ளியில் மதிய உணவு நேரத்தில் இவளை முதன்முதலில் மெச்சியவர்களும் அவர்கள்தான்.

சிஸ்ஸெல் இங்குனின் தோளில் கை போட்டுக்கொண்டாள். "உன் இடுப்பு அப்படியே இறங்கியிருக்குடி பொண்ணுக்கு. என் கதியைப் பாரு. இந்த வருஷமும் பிரிச்சாச்சு. இனிமே பிரிக்க உள்ள துணியே இல்ல, திரைச்சீலையைத்தான் வெட்டி ஒட்டுப் போடணும்!"

எல்லாரும் சிரித்தார்கள். இங்குனும் சிரித்தாள். இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம்.

*

விருந்து ஊர்ப் பொதுக்கூடத்தில். காலையிலேயே மேசைகளைப் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, பிர்ச் மரத்து இலைக் கொத்துகளைப் பாட்டிலில் வைத்தாயிற்று. இங்குன் மெல்லிய கோப்பைகளைத் துடைத்து அடுக்கியபோதுதான், ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் சிவப்பு ரிப்பன் கட்டிய காகிதச் சுருள் இருப்பதைப் பார்த்தாள்.

பாட்டு.

திடப்படுத்தல் விருந்தென்றால் உறவுக்காரர் யாராவது அந்தப் பிள்ளையைக் கேலி செய்து ஒரு பாட்டுக் கட்டுவார்கள், தெரிந்த மெட்டில் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். இந்தக் குடும்பத்தில் அது சிஸ்ஸெலின் வேலை. மூன்று வாரம் முன்னால் அவள் போன் செய்து, "குட்டியா இருக்கும்போது என்னென்ன சேட்டை பண்ணுவா, சொல்லு" என்று கேட்டாள். இங்குன்தான் மலைக்குடிலில் மாரென் வாஃபிள் பலகாரம் தின்று தீர்த்த கதையைச் சொன்னாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்கூட.

இப்போது மாரெனின் தட்டருகே இருந்த சுருளைப் பிரித்துப் படித்தாள். மூன்றாவது சரணம் வரைக்கும் படித்தாள். பிறகு சுருட்டி, ரிப்பனைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவைக்க அவளுக்கு நேரம் இருந்தது. கூடத்தில் ஆளும் இல்லை. ஆனால் எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொல்வதில்லை என்று பேரம். அவள் யோசித்தது அவ்வளவுதான். இதை எழுதுகிற எனக்கே அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

மூன்று மணிக்கு உட்கார்ந்தார்கள். கடமான் வறுவல், உருளைக்கிழங்கு, பழுப்புக் குழம்பு, காட்டுச் செம்பழ ஜாம். ஃப்ரூடெயின் தம்பி ஔதுன்தான் விருந்துத் தலைவன். யார் எப்போது பேசுவது, எப்போது பாடுவது என்பதெல்லாம் அவன் கையில். மாரென் அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, தட்டில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஃப்ரூடெயின் முகம் மலர்ந்துபோயிற்று.

இங்குன் உட்காரவில்லை. குழம்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாள். அங்கே ஜாம் தீர்ந்திருந்தது, எடுத்துவர உள்ளே போனாள். திரும்பி வரும்போது யாருக்கோ தண்ணீர் வேண்டியிருந்தது.

"நீயும் உக்காரேன், இங்குன்" என்று ஒருத்தி சொன்னாள்.

"இதோ, ஒரு நிமிஷம்."

பரிமாறுகிறவள் தட்டை யாரும் பார்ப்பதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் சுற்று முடிந்ததும் ஔதுன் கரண்டியால் கோப்பையைத் தட்டினான். எல்லாரும் ரிப்பனை அவிழ்த்தார்கள். சிஸ்ஸெல் எழுந்து நின்று இரண்டு கையாலும் தாளம் காட்டினாள். முதல் சரணத்தில் மாரென் பனிச்சறுக்கில் விழுந்த கதை. இரண்டாவதில் பூனைக்குட்டிக்கு முடி வெட்டிய கதை. பிறகு மூன்றாவது வந்தது.

குட்டி மாரென் வாய்க்குள்ளே வாஃபிள் எத்தனை போச்சு?
கூடை காலி, பாலேடு காலி, ஜாமும் காலி ஆச்சு!
உருண்டு வந்த பந்து இன்று ஊசி போல ஆனாள்,
அம்மாவோட இடுப்பை வாங்கி அழகி ஆகிப் போனாள்!

கூடமே அதிர்ந்தது. இரண்டாவது முறையும் பாடினார்கள், அவ்வளவு பிடித்துவிட்டது. மாரெனும் பாடினாள். முகமெல்லாம் சிரிப்பாக, மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினாள்.

குழம்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்த இங்குனுக்கு, எங்கேயோ பக்கத்தில் ஒரு பெண் குரல் சரியான ஸ்வரத்தில் பாடுவது கேட்டது. அது தன் குரல்தான் என்று கொஞ்சம் கழித்துத் தெரிந்தது. நிறுத்தவும் தோன்றவில்லை. சரணத்தை முடித்துவிட்டுத்தான் வாயை மூடினாள்.

அடுத்து ஃப்ரூடெ பேசினான். "என் பொண்ணு… இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் கொஞ்சம் கவலையா இருந்துச்சு. சரியா சாப்பிடறதில்ல. ஆனா இன்னிக்குப் பாருங்க, தட்டைக் காலி பண்ணிட்டா!" என்று மாரெனின் தட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். கைதட்டினார்கள். தட்டு உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது.

இரண்டாவது சுற்றுக்குக் கிண்ணங்கள் கை மாறத் தொடங்கின. மாரென் எழுந்து அம்மாவிடம் வந்தாள்.

"சாப்பாட்டுக்கு நன்றிம்மா" என்றாள். மேசையிலிருந்து எழும் எந்தப் பிள்ளையும் சொல்வதுதான். நடக்கப் பழகும்போதே அதையும் பழக்கிவிடுகிறோம்.

"நல்லா சாப்பிட்டியா?"

"வயிறு முட்ட."

அவள் போகும்போது இங்குன் பையைப் பார்த்தாள். இடுப்பில் தொங்க வேண்டிய பை மாரெனின் கைக்குள் இருந்தது, அடியில் கை கொடுத்துத் தாங்கிப் பிடித்திருந்தாள். வெள்ளிப் பூட்டு சரியாகக் கவ்வவில்லை. அப்படிப் பிடிப்பது ஏன் என்று உலகத்திலேயே ஒருத்திக்குத் தெரியும் என்றால் அது இங்குனுக்குத்தான்.

குழம்புக் கிண்ணத்தை முதல்முறையாக மேசையில் வைத்துவிட்டு, மகளின் பின்னால் போனாள்.

*

கோட்டுகள் தொங்கும் சின்ன அறை. மாரென் குப்பைக் கூடைக்கு முன்னால் குனிந்திருந்தாள். கதவுச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"பையைக் கொடு."

"எதுக்கு? கைக்குட்டை எடுக்க வந்தேன்."

"கொடு மாரென்."

கொடுத்தாள். இங்குன் திறந்தாள். காகிதத் துவாலையில் சுற்றிய இறைச்சி, நசுங்கிய கிழங்கு. குழம்பு ஊறி, உள்துணியில் பழைய கறைக்கு மேல் புதுசு பரவிக்கொண்டிருந்தது.

"திட்டு" என்றாள் மாரென். "ம், திட்டேன். சத்தம் போடு. எல்லாரும் வரட்டும்."

இங்குன் பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மெழுகு இல்ல" என்றாள்.

"எது?"

"அடியில இருக்கிற கறை."

மாரெனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கறையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி கறையைப் பார்த்தாள்.

"உன் திடப்படுத்தலுக்கா?"

"ஆமா. ஆட்டுக்கறி."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிப்போச்சு."

மாரென் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. சிரிக்கும்போதே ஒரு கையால் கோட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீதான் என்னை நாளைக்கு ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடப் போற. நீ! இன்னிக்கு உன் தட்டுல என்னம்மா இருந்துச்சு? சொல்லு பார்க்கலாம்."

இங்குன் உண்மையிலேயே யோசித்தாள். தனக்கென்று ஒரு தட்டு போட்டோமா என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"நேத்து?" என்றாள் மாரென். "முந்தாநேத்து? நீ கிழங்கு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லம்மா. பொறந்ததுல இருந்து பார்த்ததில்ல. சின்ன வயசுல, அம்மாங்களுக்கெல்லாம் கிழங்கு ஆகாது போலன்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாரும் உன்னைத்தான் மெச்சுவாங்க. ஒரு தையல் கூடப் பிரிக்கலையாமே, ஒரு தையல் கூடப் பிரிக்கலையாமேன்னு. நீ செஞ்சா அது மெழுகு. நான் செஞ்சா ஆஸ்பத்திரியா?"

வலிக்க வேண்டும். எங்கேயோ தூரத்தில் வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

"நாளைக்கு நான் வரல" என்றாள் மாரென். "பேரமெல்லாம் போச்சு. இழுத்துட்டுப் போனாலும் காரை விட்டு இறங்க மாட்டேன்."

"மாரென், டாக்டர் சொன்னது…"

"எனக்குத் தெரியும் டாக்டர் சொன்னது. நானும்தான் அங்க உக்காந்திருந்தேன்." குரல் சட்டென்று சின்னப் பிள்ளையின் குரலாக இறங்கியது. "நீ சாப்பிடு. நான் பார்க்கணும். அப்ப வர்றேன்."

"சரி."

"சரின்னு சொல்லாதம்மா! நீ எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவ. அப்புறம் குழம்பு எடுத்துக்கிட்டு எந்திரிச்சிடுவ."

கூடத்தில் கரண்டி கோப்பையைத் தட்டும் சத்தம் கேட்டது. "எங்கப்பா அம்மாக்காரி?" என்று ஔதுன் கூவினான். "இப்ப அம்மா பேசணும்! அதுக்கப்புறம்தான் கேக்!"

*

இங்குன் எழுதிவைத்த பேச்சு சட்டைக்குள் மடித்து இருந்தது. பனிச்சறுக்குக் கதை, பூனைக்குட்டிக் கதை, வாழ்க்கை ஒரு மலைப்பாதை என்று ஒரு வரி. அதை எடுக்கவில்லை. பையை மகள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்து மேசையின் தலைமாட்டில் நின்றாள். முப்பது முகங்கள் அவளைப் பார்த்தன. சிஸ்ஸெல் கண்ணைச் சிமிட்டினாள்.

"அக்கா பாட்டுல என் இடுப்பைப் பத்தி எழுதியிருக்கா" என்று ஆரம்பித்தாள் இங்குன்.

நல்ல சிரிப்பு எழுந்தது.

"முப்பது வருஷமா இந்தச் சட்டையில ஒரு தையல் கூடப் பிரிக்கல. உங்க எல்லாருக்கும் தெரியும். நானேதான் சொல்லிக்கிட்டுத் திரிவேன். உடம்பு வாகு அப்படின்னு நீங்க சொல்லுவீங்க. வாகெல்லாம் இல்ல. நான் சாப்பிடறதில்ல."

ஒன்றிரண்டு பேர் இன்னும் சிரித்தார்கள். ஜோக்கின் முடிவு வரும் என்று காத்திருந்தார்கள்.

"என் திடப்படுத்தல் அன்னிக்கு ஆரம்பிச்சது. அன்னிக்கும் எல்லாரும் என்னைச் சுத்தச் சொல்லிப் பார்த்தாங்க. நான் சுத்தினேன். பரிமாறிக்கிட்டே இருந்தா யாரும் நம்ம தட்டைப் பார்க்க மாட்டாங்க. ஃப்ரூடெ, நீ கூடப் பார்த்ததில்ல. உன்னைக் குத்தம் சொல்லல. பார்க்க விடாம நான்தான் பார்த்துக்கிட்டேன்."

"இங்குன்" என்றாள் சிஸ்ஸெல் மெல்ல. முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "என்ன பேசற? பிள்ளைக்கு நல்ல நாள் இது. உக்காரு."

"உக்காரத்தான் போறேன் அக்கா."

மகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது மாரெனின் கதை, அதை மாரென்தான் சொல்ல வேண்டும். அந்த அளவுக்கு அவளுக்கு இன்னும் புத்தி இருந்தது.

மாரெனின் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஃப்ரூடெ, அந்தப் பக்கம் சிஸ்ஸெல். கிழங்குக் கிண்ணத்தை இழுத்து, ஒன்றை எடுத்து மகளின் தட்டிலேயே போட்டாள். முள்கரண்டியால் உடைத்தாள். அதன் மேல் குழம்பை ஊற்றினாள். அடுப்படியில் காபி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கரண்டியைத் தூக்கியபோது பயம் வந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து வராத பயம் மொத்தமாக வந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. ஒரு துண்டு கிழங்கு! நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை, ஒரு துண்டு கிழங்குக்கு இப்படிப் பயப்படுகிறாள். இதே பயத்தோடுதான் தன் மகள் தினமும் மூன்று வேளை மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் போய்த்தான் "சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் இங்குனுக்கு உறைத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

வாயில் வைத்தாள்.

கோட்டறைக் கதவு திறந்திருந்தது. மாரென் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். திறந்த பை அவள் கையில் தொங்கியது. அதிலிருந்து குழம்பு சொட்டி, பூ வேலை செய்த பாவாடையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஃப்ரூடெ மனைவியைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தான். தான் தூக்கிக் காட்டிய காலித் தட்டு எப்படிக் காலியாயிற்று என்று அந்த நல்ல மனிதனுக்கு மெதுவாகப் புரிந்துகொண்டு வந்தது.

"இங்குன்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போறோம்? ரத்தம் கம்மின்னு சொன்னியே. அவ்வளவுதானா?"

பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் விழுங்க வேண்டும். இங்குன் மென்றாள். இன்னும் மென்றாள். கிழங்கு வாய்க்குள் பெருகிக்கொண்டே போனது.

கதவருகே நின்ற மாரென் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.